அடைத்த கதவும் ஏற்ற விரதமும்



இல்லறத்தார்க்கு நம் ஆசாரியர்கள் வகுத்துத் தந்த விரதங்கள் பன்னிரண்டு. அவற்றுள் கொல்லாமை, பொய்யாமை, கள்ளாமை, பிறன்மனை விழையாமை, பொருள் வரைதல் என்னும் ஐந்து அணுவிரதங்களை நம் வீட்டுச் சிறுவர்களும் விரல்விட்டு எண்ணிச் சொல்லுவர். அவற்றுக்கு வேலியாக நிற்கும் குணவிரதங்களுக்கும் சிக்ஷா விரதங்களுக்கும் வரும்போது பெரியவர்களின் குரலே தாழ்ந்து விடுகின்றது. தேசாவகாசிகம் என்பது யாது என்று வினவினால், 'ஏதோ ஊர் எல்லை பற்றியது' என்ற அளவில் விடை நின்றுவிடும். நாமும் அந்த அளவிலேயே பல்லாண்டுகள் நின்றிருந்தோம். நூலில் படித்திருந்தோம், பிள்ளைகளுக்கு எடுத்தும் சொல்லியிருந்தோம். ஆயினும் அவ்விரதத்தின் உட்பொருள் 2020-ஆம் ஆண்டு மகாவீர் ஜெயந்தியை ஒட்டி, தரமணியில் நம் இல்லத்தின் வாசற்படியில்தான் நமக்கு விளங்கிற்று. விளங்கிய விதம் நமக்குப் பெருமை தருவதன்று. என்றாலும் பாடம் பாடமே ஆதலின் எழுதுகின்றோம்.

தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்லுதல் வேண்டும் என்பது ஆசிரியப் பயிற்சியில் முதலிற் கற்பிக்கப்படும் நெறி. கொரோனாத் தொற்றுக் காலத்து ஊரடங்கு நம் அனைவர்க்கும் தெரிந்தது. ஆகவே அங்கிருந்தே தொடங்குவோம்.

2020-ஆம் ஆண்டு மார்ச் 22, ஞாயிற்றுக்கிழமை, நாடெங்கும் ஒரு நாள் மக்கள் ஊரடங்கு. மார்ச் 24 மாலை 6 மணி முதல் தமிழகத்தில் 144 தடையுத்தரவு. மறுநாள் முதல் இந்தியா முழுமைக்கும் 21 நாள் ஊரடங்கு. தரமணியை அறிந்தவர்கள் அந்த நாட்களின் அமைதியை எளிதில் நம்பமாட்டார்கள். 2000-ஆம் ஆண்டில் டைடல் பூங்கா திறக்கப்பட்ட நாள் முதலாக, பழைய மாமல்லபுரம் சாலையில் இரவு பகல் என்ற வேறுபாடே இல்லாது வண்டிகள் ஓடிக்கொண்டிருந்தன. அவை நின்றன. பறக்கும் ரயில் நின்றது. காலையில் கிளிகளின் ஓசையும் குயிலின் ஓசையும் கேட்டன. வந்தவாசி, செஞ்சி, திண்டிவனம், செய்யாறு ஆகிய பக்கங்களிலிருந்து வேலை நிமித்தம் சென்னைக்கு வந்து குடியேறிய நம் குடும்பங்கள், பிறந்த ஊரின் விடியற்காலை போல இருக்கின்றதே என்று தொலைபேசியில் ஒருவருக்கொருவர் சொல்லிக் கொண்டன.

அவ்வாண்டு சைத்திர மாத வளர்பிறைத் திரயோதசி ஏப்ரல் 6, திங்கட்கிழமை வந்தது. பகவான் மகாவீரரின் 2619-ஆவது பிறந்த நாள். ஜினாலயங்கள் யாவும் அடைக்கப்பட்டிருந்தன. அபிஷேகத்தை உபாத்தியாயர் ஒருவரே கதவை உட்புறம் தாழிட்டுக்கொண்டு செய்வார் என்று அறிவிக்கப்பட்டது. ஊர்வலம் இல்லை, சொற்பொழிவு இல்லை, அன்னதானம் இல்லை. வயதில் மூத்த நம் போன்றோர்க்கு நினைவு தெரிந்த நாள் முதலாகத் திருநாளன்று கோயிற்படி மிதியாத ஆண்டு அதுவே முதன்மை. 'பகவானை நாம் பாராவிட்டாலும் பகவான் நம்மைப் பார்ப்பார்' என்று அயல் வீட்டார் ஆறுதல் கூறினர். நம் சமயத்தில் அப்படிச் சொல்லும் வழக்கம் இல்லை என்பதை விளக்கத் தொடங்கினால் நீளும் என்று, நன்றி கூறி அமைந்தோம்.

திருநாளுக்கு முதல் நாள், ஏப்ரல் 5 ஞாயிறு காலை. பள்ளி இல்லாமல் வீட்டிலிருந்த பேரனையும் பேத்தியையும் அமர்த்தித் தேசாவகாசிகப் பாடத்தைத் தொடங்கினோம். 'நாம் இப்பொழுது வீட்டை விட்டு வெளியே செல்லாமல் இருக்கின்றோம் அல்லவா? இதற்கு நம் நூல்களில் ஒரு விரதமே உண்டு' என்றோம். அவர்களுக்குச் சொன்னதையே இங்கும் சொல்லுவோம்.

ஆசாரிய சமந்தபத்திரர் இயற்றிய இரத்தினகரண்டக சிராவகாசாரம், இல்லறத்தார் ஒழுக்கத்தைக் கூறும் நூல்களுள் தலையாயது. நம் தமிழ் அருங்கலச்செப்பு அதனை அடியொற்றியே எழுந்தது. அந்நூல் முறைப்படி குணவிரதங்கள் மூன்று: திக்விரதம், அனர்த்ததண்ட விரதம், போகோபபோக பரிமாணம். சிக்ஷா விரதங்கள் நான்கு: தேசாவகாசிகம், சாமாயிகம், புரோஷதோபவாசம், வையாவிருத்தியம். ஆசாரிய உமாசுவாதியின் தத்துவார்த்த சூத்திரத்தில் இவ்வரிசை சிறிது வேறுபடும். அங்கே தேசவிரதம் திக்விரதத்தை அடுத்து வைக்கப்பட்டுள்ளது. வரிசை வேறாயினும் பொருள் ஒன்றே.

திக்விரதமாவது, பத்துத் திசைகளிலும் 'இந்தக் கடல் வரை, இந்த ஆறு வரை, இந்த மலை வரை; இதற்கு அப்பால் செல்லேன்' என்று வாழ்நாள் முழுமைக்கும் எல்லை வகுத்துக் கொள்வது. அந்தப் பேரெல்லைக்குள்ளேயே, குறிப்பிட்ட காலத்திற்கு மட்டும், இன்னும் சிறிய எல்லையைக் கட்டிக் கொள்வது தேசாவகாசிகம். வீடு, ஊர், வயல், ஆறு, காடு, யோசனைத் தொலைவு ஆகியவற்றை எல்லையாகக் கொள்ளலாம் என்பர். காலமும் அவ்வாறே: ஓர் ஆண்டு, ஆறு மாதம், நான்கு மாதம், ஒரு மாதம், ஒரு பக்கம் என வரையறுத்துக் கொள்ளலாம். ஆக, இடமும் காலமும் சொல்லி வைத்துக்கொண்ட ஓர் ஒடுக்கம் இது.

எதற்காக இவ்வொடுக்கம்? எல்லைக்கு அப்பால் உள்ள உயிர்களுக்கு நம்மால் யாதொரு தீங்கும் நேராதிருத்தற் பொருட்டு. வரம்புக்குள் இருக்கும் இல்லறத்தான், வரம்புக்கு வெளியே உள்ள உயிர்களைப் பொறுத்தவரை, பெருந்தீங்கும் நுண்தீங்கும் ஒழிந்து நிற்றலின், மகாவிரதியை ஒத்தவனாகின்றான் என்று ஆசாரியர் உயர்த்திக் கூறுகின்றார். துறவு பூணாத நமக்கு, ஓர் எல்லைக்கு அப்பால் மட்டுமேனும் துறவியின் தூய்மை வாய்க்கும் என்பது எத்துணைப் பெரிய செய்தி!

இதன்பின் இவ்விரதத்தைக் கெடுக்கும் அதிசாரங்கள் ஐந்தினையும் சொன்னோம். எல்லைக்கு வெளியிலிருந்து பொருளை வருவித்தல், ஆனயனம். எல்லைக்கு வெளியே பிறரை ஏவி அனுப்புதல், பிரேஷணம். வெளியில் நிற்பவருக்கு ஒலியால் குறிப்புணர்த்துதல், சப்தம். உருவத்தைக் காட்டிக் குறிப்புணர்த்துதல், ரூபாபிவியக்தி. கல்லோ மண்ணாங்கட்டியோ எறிந்து உணர்த்துதல், புத்கலக்ஷேபம். ஒலியால் உணர்த்துதற்கு உரையாசிரியர்கள் தரும் எடுத்துக்காட்டு இருமுதல். இதனைக் கேட்டதும் பேரன் சிரிப்பை அடக்க மாட்டாமல் எழுந்து ஓடிவிட்டான். அந்நாட்களில் யாரேனும் இருமினால் தெருவே திரும்பிப் பார்த்ததன்றோ? பாடம் அத்துடன் கலைந்தது. நாமும் அடுக்களைக்குச் சென்றோம்.

முற்பகல் 11 மணியளவில் தொலைபேசி ஒலித்தது. நம் இல்லத்தில் வீட்டு வேலை செய்யும் அம்மையாரின் மகன் பேசினார். தாயும் மகனும் கானகத்தில் ஒற்றையறை வீட்டில் வாழ்பவர்கள். மார்ச் 24-ஆம் நாள் அந்த அம்மையாரிடம், 'நிலைமை சரியாகும் வரை வரவேண்டா' என்று சொல்லி அனுப்பியிருந்தோம். மகன் இருசக்கர வண்டி பழுது பார்க்கும் கடையில் வேலை செய்து வந்தார்; கடை மூடிக் கிடந்தது. 'டீச்சரம்மா, நல்லா இருக்கீங்களா? ஏதாவது வாங்கியாரணுமா?' என்று கேட்டார். என்ன நல்ல பிள்ளை என்று மகிழ்ந்து, மறுநாள் பூசைக்கு வேண்டியவற்றைச் சொன்னோம்: இரண்டு தேங்காய், அரைக் கிலோ வெல்லம், வாழைப்பழம், சாமந்தியோ மல்லிகையோ இரண்டு முழம்.

அன்றுவரை பிற்பகல் 2.30 மணி வரை திறந்திருந்த கடைகள், அந்த ஏப்ரல் 5 முதல் பகல் 1 மணிக்கே மூடப்படும் என்று அரசு மாற்றியிருந்தது. நமக்கு அது தெரியும், சொல்ல மறந்தோம். அருகிலுள்ள கடைகளில் பூ இல்லை. அவர் திருவான்மியூர்ச் சந்தை வரை நடந்திருக்கின்றார். பேருந்து இல்லை. வழியில் தடுப்பு வைத்திருந்த இடத்தில் நிறுத்தி வினவியிருக்கின்றனர். பூ வாங்கப் போகின்றேன் என்றதை யாரும் ஏற்கவில்லை. நெடுநேரம் வெயிலில் நின்றிருக்கின்றார். திரும்பும் வழியில் செருப்பின் வார் அறுந்து போயிற்று. ஏப்ரல் மாத நண்பகலில் தார்ச்சாலை எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டுவதில்லை. பிற்பகல் 3 மணிக்கு வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு தேங்காயும் வெல்லப் பொட்டலமும் இருந்தன. பூ கிடைக்கவில்லை என்று சொல்லி, அதற்காக வருத்தமும் தெரிவித்தார்.

நாம் முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு, இடைவெளி விட்டு நின்று, பையை வாசற்படியில் வைக்கச் சொன்னோம். நம் பின்னால் நின்ற பேத்தி அவர் கால்களைப் பார்த்தாள். பின்பு கேட்டாள்: 'பாட்டி, அந்த அண்ணன் நம்ம எல்லைக்குள்ள இருக்காரா, வெளியிலயா?'

ஏழு வயதுக் குழந்தை அதனைக் கேள்வியாகத்தான் கேட்டாள். குத்திக் காட்டும் நோக்கம் அவளுக்கு இல்லை. காலையில் சொன்ன பாடத்தில் ஓர் ஐயம். அவ்வளவே. நமக்கோ விடை நாவில் எழவில்லை. ஏவி அனுப்புதல், வருவித்தல் ஆகிய இரண்டையும், பாடம் சொல்லி முடித்த இரண்டு மணி நேரத்திற்குள் செய்திருந்தோம். செய்தோம் என்ற உணர்வே இன்றிச் செய்திருந்தோம். நம் கால்கள் வீட்டிற்குள் இருந்தன. நம் விருப்பம் வேறொருவர் கால்களில் ஏறித் திருவான்மியூர் வரை சென்று வந்தது.

அவரை உள்ளே அழைத்துத் தாழ்வாரத்தில் அமரச் செய்து, தண்ணீரும் சோறும் கொடுத்தோம். புறப்படும்போது ஒரு நினைவு வந்தது. அவர் தாய்க்கு ஒவ்வொரு மாதமும் முதல் தேதியன்று ஊதியம் தருவது வழக்கம். மார்ச் மாதத்தில் 24 நாள் அவர் உழைத்த ஊதியம் நம் பேழையில் அப்படியே இருந்தது. வரவேண்டா என்று சொன்ன நாம், கொடுக்க வேண்டும் என்பதை நினைக்கவில்லை. அதனை எடுத்து வந்து, ஏப்ரல் மாதத்திற்கும் சேர்த்துக் கொடுத்தபோது அந்தப் பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்: 'இதுக்குத்தான் டீச்சரம்மா அம்மா போன் பண்ணச் சொன்னாங்க. எனக்குத்தான் கேட்க வாய் வரல.'

கேட்க வந்தவருக்கு நாம் ஏவல் கொடுத்திருந்தோம்.

நம் நூல்கள் வினையைச் செய்தல், செய்வித்தல், உடன்படல் என மூவகையாகப் பிரித்து, மனம் வாக்கு காயம் என்னும் மூன்றினோடும் உறழ்ந்து ஒன்பதாக்கிக் காட்டும். வகுப்பில் கரும்பலகையில் கட்டம் போட்டு விளக்குவதற்கு இது மிகவும் ஏற்ற பாடம். எழுதி விளக்கியும் இருக்கின்றோம். ஆனால் செய்தலினும் செய்வித்தல் சிறிது இலேசானது என்னும் எண்ணம் நம்மில் பலர் உள்ளத்தில் இருந்து கொண்டே இருக்கின்றது. கோழியை அறுப்பவன் ஒருவன், வாங்கி உண்பவன் ஒருவன் என்றால் இருவர்க்கும் பங்கு உண்டு என்று உரக்கச் சொல்லுகின்ற நாம், நம் வீட்டு வாசலில் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை. தேசாவகாசிகத்தின் அதிசாரங்களை வகுத்த ஆசாரியர்களுக்கு இது நன்கு தெரிந்திருந்தது. ஐந்து அதிசாரங்களுள் ஒன்றேனும் விரதி தன் காலால் எல்லையைத் தாண்டுவது பற்றியதன்று என்பதைக் கவனியுங்கள். காலால் தாண்டினால் விரதமே அழிந்தது. அதைத் தனியே சொல்ல வேண்டுவதில்லை. ஐந்தும், தான் உள்ளேயே அமர்ந்துகொண்டு பிறரைக் கொண்டு காரியம் நடத்திக் கொள்வதைப் பற்றியவை. வீட்டிற்குள் இருப்பவனுக்கு நேரும் பிழை எது என்பதை அத்துணை நுணுக்கமாகக் கண்டிருக்கின்றார்கள்.

தொலைபேசியும் காணொளியும் ஒலியால் உணர்த்துதல், உருக்காட்டல் ஆகிய அதிசாரங்கள் ஆகாவோ என்று சிலர் வினவக்கூடும். நோயுற்றாரையும் தனித்திருப்பாரையும் நலம் உசாவும் பேச்சு அதிசாரம் ஆகாது என்பதே நம் கருத்து. வெளியிலிருப்பவரைக் கொண்டு நம் காரியத்தை முடித்துக்கொள்ளும் குறிப்பு எதுவோ, அதுவே அதிசாரம். ஊரடங்கின்போது கைபேசியில் விரலை வைத்த உடனே பொருள் வாசலுக்கு வந்தது. கொண்டு வந்தவர் எந்த எல்லைக்குள் இருந்தார் என்பதை நாம் நினைத்தோமா? குப்பை அள்ளிய தூய்மைப் பணியாளர் ஒரு நாளும் வராமல் இருந்ததில்லை. அவர் வீட்டில் இருக்கும் விரதத்தை மேற்கொண்டிருந்தால் நம் விரதம் எத்தனை நாள் நடந்திருக்கும்?

அன்றிரவு 9 மணிக்கு, 9 நிமிடம் மின்விளக்குகளை அணைத்து அகல் விளக்கு ஏற்றுமாறு பிரதமர் கேட்டுக் கொண்டிருந்தார். தெருவெங்கும் மாடிகளில் சுடர்கள். இரவில் திறந்த சுடரை வைத்தால் விட்டிலும் சிறு பூச்சியும் விழும் என்பதால், நாம் பழைய சிம்னி விளக்கைத் துடைத்து, கண்ணாடிக் கூண்டுக்குள் சுடரை ஏற்றி வைத்தோம். இதிலெல்லாம் நாம் தவறுவதில்லை. பூச்சிக்குக் கண்ணாடி வைத்த கை, ஒரு பிள்ளையை வெயிலில் அனுப்பியதே என்ற நினைப்பில் அன்றிரவு உறக்கம் பிடிக்கவில்லை.

மறுநாள் பூசை எப்படி நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும். நம் இல்லத்தில் படம் உண்டு. பிரதிஷ்டை செய்த பிம்பம் இல்லை. எனவே அபிஷேகம் இல்லை. நீர், சந்தனம், அட்சதை, மலர், நைவேத்தியம், தீபம், தூபம், கனி என்னும் எண்வகைப் பூசைப் பொருள்களுள் மலர் இல்லை. வடநாட்டுத் திகம்பரர் பலர், மலருக்கு ஈடாக மஞ்சள் நிறம் ஏற்றிய அரிசியை இடும் வழக்கம் உடையவர்கள். மலரில் சிற்றுயிர்கள் இருக்கும் என்பதால் எழுந்த வழக்கம் அது. நாம் பழகிய முறையில் மலரே இடுவதாதலின், அதனை நாம் இல்லத்தில் கைக்கொண்டதில்லை. அன்று ஒரு பிடி அரிசியில் சந்தனமும் மஞ்சளும் குழைத்துப் பேத்தி கையில் கொடுத்தோம். அரிசியும் மஞ்சளும் முதல்நாள் முழுவதும் நம் அடுக்களையிலேயே இருந்தன. பஞ்ச நமஸ்காரம் ஓதி, முதல்நாள் பிழையைச் சொல்லி ஆலோசனை செய்துகொண்டு, பிள்ளைகளோடு நாற்பத்தெட்டு நிமிடம் சாமாயிகத்தில் அமர்ந்தோம். பேரன் நடுவில் இரண்டு முறை கடிகாரத்தைப் பார்த்தான். நாமும் ஒரு முறை பார்த்தோம்.

கோயில் இல்லாமல் திருநாளா என்று மனம் சோர்ந்தவர்களுக்கு, தரமணிக்கு மிக அருகிலேயே ஒரு வரலாறு உண்டு. மயிலாப்பூரில் ஒரு காலத்தில் நேமிநாதர் ஆலயம் சிறந்து விளங்கிற்று. கடல் புகுந்த காலத்தில் அப்பெருமான் திருவுருவம் மேல்சித்தாமூருக்குக் கொண்டு செல்லப்பட்டது என்பது நம் மரபு. அவிரோதி ஆழ்வார் அருளிய திருநூற்றந்தாதி அந்த மயிலாபுரி நேமிநாதரைப் பாடியதே. ஆலயம் மறைந்தது, பாட்டு நம் இல்லங்களில் தங்கிற்று. பாவபூசை என்று நம் நூல்கள் கூறுவது, இருப்பதைக் கொண்டு மனம் நிறைவடையும் ஏழையின் பூசை என்று தாழ்வாக எண்ணத் தக்கதன்று. பொருள் கொண்டு செய்யும் பூசைக்கும் உயிராக நிற்பது அதுவே.

அதே மாதம் 26-ஆம் நாள் அட்சய திருதியை வந்தது. சென்னை, மதுரை, கோவை மாநகராட்சிகளில் ஏப்ரல் 26 முதல் 29 வரை நான்கு நாள் முழு ஊரடங்கு என்று இரண்டு நாள் முன்னதாக அறிவிக்கப்பட்டது. உடனே 25-ஆம் நாள் சந்தைகளில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு கூட்டம் சேர்ந்தது. நான்கு நாள் தனித்திருப்பதற்காக ஒரு நாள் நெருங்கி நின்றார்கள். மே மாதத் தொடக்கத்தில் கோயம்பேடு சந்தையோடு தொடர்புடைய தொற்று பல மாவட்டங்களுக்கும் பரவி, அச்சந்தையே மூடப்பட்டது. முன்கூட்டி வரையறை செய்துகொள்ளாத ஒடுக்கம் எப்படி முடியும் என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

அட்சய திருதியை என்றால் தங்கம் வாங்கும் நாள் என்று தியாகராய நகர் முழுவதும் விளம்பரம் செய்யப்படுவதைக் கண்டு நாம் பல ஆண்டுகளாகப் பொருமியதுண்டு. அவ்வாண்டு நகைக்கடைகள் மூடிக் கிடந்தன. நமக்குள் சிறிது மகிழ்ச்சி என்பதை மறைப்பானேன்? அந்த நாள் ஆதிபகவன் முதன்முதல் ஆகாரம் ஏற்ற நாள். துறவு பூண்டு ஆறு மாதம் யோகத்தில் நின்று, பின் ஆகாரத்திற்கு எழுந்தருளிய பகவானை மக்கள் அன்போடுதான் எதிர்கொண்டனர். பொன்னும் மணியும் யானையும் குதிரையும் கொணர்ந்து நீட்டினர். கன்னியரையும் அளிக்க முன்வந்தனர். உணவு கொடுக்க வேண்டும் என்பது ஒருவர்க்கும் தோன்றவில்லை. மாதங்கள் கடந்தபின் அத்தினாபுரத்தில் சிரேயாம்சன், முற்பிறப்பு நினைவு எழப் பெற்று, கருப்பஞ்சாற்றை ஏந்தி நின்றான்.

இக்கதையை நாம் எத்தனையோ முறை பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கின்றோம். அந்த மக்கள் அறியாதவர்கள் என்றே சொல்லி வந்தோம். அவ்வாண்டு சொல்லும்போது, அவர்களிடம் அன்பு குறைவில்லை, எதிரில் நிற்பவருக்கு எது வேண்டும் என்று ஒரு கணம் பார்க்கும் பழக்கந்தான் இல்லை என்று சொன்னோம். தொலைபேசியில் கேட்ட குரலை நினைத்துக்கொண்டே சொன்னோம். பேரன் நிமிர்ந்து பார்த்தான், ஒன்றும் கேட்கவில்லை.

ஊரடங்கை நம் முனிவர்களின் சாதுர்மாஸ்யத்தோடு ஒப்பிட்டு அந்நாட்களில் பலர் பேசினர். ஒப்புமை பொருத்தமே, ஆனால் ஒரு பாதியளவே பொருத்தம். மழைக்காலத்தில் மண்ணெங்கும் புல்லும் புழுவும் நுண்ணுயிரும் பெருகும். நடந்தால் அவை நசுங்கும். ஆகவே நான்கு மாதம் ஓரிடத்தில் தங்குகின்றனர். தமக்கு நோய் வரும் என்று அவர்கள் தங்குவதில்லை. தம் காலடியால் பிற உயிர்க்குத் துன்பம் வரக்கூடாது என்று தங்குகின்றனர். நாம் 2020-இல் கதவை அடைத்தது யாருக்காக? அச்சம் நமக்காகவே இருந்தது. ஆயினும் மருத்துவர்கள் அப்போது சொல்லிக்கொண்டிருந்தது முனிவர்களின் காரணத்தைத்தான்: நோய்க் குறி தோன்றாதவரும் பிறர்க்கு நோயைக் கொடுக்கக் கூடும், ஆதலால் நடமாட்டத்தைக் குறையுங்கள் என்றனர். கதவு ஒன்றே, காரணம் இரண்டு. எந்தக் காரணத்தோடு தாழிட்டோம் என்பதைப் பொறுத்து அது சிறையும் ஆகும், விரதமும் ஆகும்.

அந்த ஆகஸ்டு மாதம் மும்பையில் சுவேதாம்பர அறக்கட்டளை ஒன்று, பர்யூஷணத்தின் இறுதி நாட்களிலேனும் ஆலயம் திறக்க வேண்டி உச்ச நீதிமன்றம் சென்றது. ஆகஸ்டு 21-இல் வந்த ஆணையால், 22, 23 ஆகிய இரு நாட்கள் தாதர், பைகுல்லா, செம்பூர் ஆகிய மூன்றிடங்களின் ஆலயங்கள் மட்டும் கட்டுப்பாடுகளோடு திறக்கப்பட்டன. அவர்கள் கேட்டதில் பிழை காண மாட்டோம். கடைகள் திறக்கும்போது கோயில் ஏன் திறக்கக்கூடாது என்ற வினா நியாயமானதே. நமக்கு அந்த 23-ஆம் நாள் தசலட்சண பருவம் தொடங்கிற்று. பொறையிலிருந்து பிரம்மசரியம் வரை பத்து நாளும் வீட்டிலேயே நடத்தினோம். பத்தாம் நாளாகிய அனந்த சதுர்த்தசி செப்டம்பர் 1; அன்றுதான் தமிழகத்தில் வழிபாட்டிடங்கள் யாவும் திறக்கப்பட்டன.

அடுத்த ஆண்டும் இத்திருநாள் அடைத்த கதவுக்குள்ளேயே அமைந்தது. 2021-இல் மகாவீர் ஜெயந்தி ஏப்ரல் 25, ஞாயிறு. இரண்டாம் அலை எழுந்த வேளையில், தமிழகத்தில் ஞாயிறுதோறும் முழு ஊரடங்கு என்ற ஆணை நடைமுறைக்கு வந்த முதல் ஞாயிறு அதுவே. முந்தைய ஆண்டைக் காட்டிலும் துயரம் மிகுந்த நாட்கள். தெரிந்த குடும்பங்களிலேயே இழப்புகள் நேர்ந்தன. இம்முறை சனிக்கிழமை சூரியன் மறையும் முன்பே எல்லையை வாய்விட்டுச் சொன்னோம்: 'மேற்கே மாடிப்படி, கிழக்கே வாசற்கதவு, திங்கட்கிழமை சூரியோதயம் வரை, இந்த எல்லைக்கு வெளியே யாரையும் எமக்காக ஏவோம், எதனையும் வருவியோம்.' சொன்ன பிறகுதான் விடியற்காலையில் வாசலுக்கு வரும் பால் நினைவுக்கு வந்தது. அது ஆனயனம் ஆகுமா ஆகாதா என்று பேரனும் பேத்தியும் வழக்காடினர். நாள்தோறும் தானே வருவது, நாம் ஏவியதன்று என்று பேரன்; நாம் குடிக்கின்றோமே என்று பேத்தி. இருவர் வாதத்திலும் நியாயம் இருந்தது. பால் போடுபவருக்குத் தொலைபேசியில் சொல்லி, ஞாயிறு ஒரு நாள் வீட்டுப் பக்கம் வரவேண்டா, அன்றைய கணக்கைச் சேர்த்தே தருகின்றோம் என்றோம். வேலைக்கு வரும் அம்மையாருக்கு அந்த மாத ஊதியம் முந்திய வெள்ளிக்கிழமையே சேர்ந்துவிட்டது.

2022-இல் திருநாள் ஏப்ரல் 14, தமிழ்ப் புத்தாண்டோடு சேர்ந்து வந்தது. ஆலயம் சென்றோம். ஊர்வலம் கண்டோம். பெருங்கூட்டம், பெருமகிழ்ச்சி. எனினும் முதல் நாள் மாலை எல்லை சொல்லிக்கொள்ளும் பழக்கம் மட்டும் வீட்டில் நின்றுவிட்டது. இப்பொழுது எல்லை வீடன்று. ஆலயம் வரை செல்லும் வழியும் சேர்ந்தது.

இதனை மேற்கொள்ள விரும்பும் குடும்பத்தார்க்குச் சில குறிப்புகள் சொல்லுவோம். விரதம் ஏற்பதை மனத்திற்குள் முடித்துக்கொள்ளாமல், சிறுவர்கள் கேட்க வாய்விட்டுச் சொல்லுங்கள். சொல்லாத எல்லை நகர்ந்து கொண்டே இருக்கும். எல்லையைக் கண்ணால் காணும் பொருளைக் கொண்டு குறியுங்கள்: வாசற்கதவு, தெருமுனை வேப்பமரம், கோயில் மதில். காலத்தைச் சூரியோதயம், சூரியாஸ்தமனம் கொண்டு குறியுங்கள். முதல் முறை ஒரு பகல் போதும். ஆர்வத்தால் ஒரு மாதம் என்று சொல்லிவிட்டு இரண்டாம் நாள் தடுமாற வேண்டா. முதியோரும் நோயாளரும் மருந்துக்கும் மருத்துவருக்கும் விலக்கு வைத்தே விரதம் ஏற்க வேண்டும். இதில் பிடிவாதம் கூடாது. ஐந்து அதிசாரங்களையும் ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி, அடுக்களைக் கதவில் ஒட்டி வையுங்கள். கூடத்தில் ஒட்டினால் வருவோர் பார்ப்பர். அடுக்களையில் ஒட்டினால் நாம் பார்ப்போம்.

எல்லை சொல்வதற்கு முன், அன்றைய நாள் வரை யாருக்கேனும் நாம் கொடுக்க வேண்டியது நம்மிடம் தங்கியிருக்கின்றதா என்று பார்த்து, கொடுத்துவிட்டுத் தொடங்குங்கள். நம் வீட்டில் அந்தக் கணக்கைப் பார்க்கும் வேலை பேத்தியுடையது. பென்சிலால் எழுதி வைத்திருக்கின்றாள். பால், செய்தித்தாள், துணி தேய்ப்பவர், வீட்டு வேலை என்று நான்கு வரிகள். ஐந்தாவது வரியில், 2020-இல் அறுந்து போன செருப்பு என்று எழுதி, கொடுத்தாகிவிட்டது என்று அடித்திருக்கின்றாள்.